மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம்

3 மார்ச் 2025, திங்கள்

டேங்கர் இன்றும் தாமதம். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற மகான்கள்தான் இந்தக் கட்டடத்தின் இருபத்துநான்கு வீட்டிலும் குடியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் மறுபடி ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் அதன்மேல் யோகா வகுப்பு விளம்பரம்.

தபாலில் ஒரு கடிதம். ஏதோ தொண்டு நிறுவனம். தெருமுனைக் கட்டணக் கழிப்பறையை ஒட்டி ஓர் அறை காலியாகக் கிடக்கிறதே, அதில் போதை ஊசிக்காரர்கள் நர்ஸ் முன்னிலையில் ஊசி போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்யலாமா என்று எங்கள் 'மேலான கருத்தை' அறிய வருகிறார்களாம். இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை, புத்திப்பிழைதான். கல்வித் துறையில் முப்பத்துநாலு வருஷம் கோப்பு எழுதியவள் நான். இப்படி ஒரு விண்ணப்பத்தை எந்த அசடும் என் மேஜைக்கு அனுப்பத் துணிந்ததில்லை.

இவரிடம் காட்டினேன். "பாவம், ஏதோ நல்லதுக்குத்தான் கேக்கறா போலிருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து சுந்தரேசனுக்கு எல்லோரும் பாவம்தான்.

9 மார்ச், ஞாயிறு

கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். வந்தவர் பெயர் டெரிக். ஐம்பது வயது, காதில் கடுக்கன், காலில் தேய்ந்துபோன செருப்பு. ஏழைகளுக்கு உழைக்கிறார் என்பதைச் செருப்பு சொல்ல வேண்டுமாக்கும். வெளிநாட்டில் சில ஊர்களில் இந்த மாதிரி இடம் இருக்கிறதாம். இங்கே சட்டம் இடம் தராது என்று அவரே ஒப்புக்கொண்டார். அக்கம்பக்கத்தார் சம்மதித்தால் அதைக் காட்டி அரசாங்கத்திடம் கேட்டுப் பார்ப்பாராம்.

"ரூம் இருந்தாலும் இல்லாட்டியும் அவங்க போட்டுக்கத்தான் போறாங்க மேடம். தனியா போட்டா சாவாங்க. பக்கத்துல ஆள் இருந்தா பிழைப்பாங்க. அவ்வளவுதான் விஷயம்."

"திருடனும் திருடத்தான் போறான். ஏணி பிடிக்க நர்ஸ் வெப்பீங்களா?" என்றேன். கூட்டம் கைதட்டியது. எனக்கே அது கொஞ்சம் பிடித்திருந்தது.

அவர் சொன்னதில் பெரிய வேடிக்கை இன்னொன்று. கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் சந்திரம்மா ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்கிறாளாம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நடு நடுவே எழுந்து போய்க் கதவைத் தடியால் தட்டி "பதுகித்தியா?" என்று கத்துவாள். உயிரோடு இருக்கிறாயா என்று கன்னடத்தில் கேள்வி. உள்ளே இருப்பவனைச் சீக்கிரம் கிளப்பத்தான் கத்துகிறாள் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். ஊசிக்காரனுக்குக் காவலாம்! கழிப்பறையைக் கழுவினால் போதாதா இவளுக்கு?

10 மார்ச், திங்கள்

ஆட்சேபணைக் கடிதம் தயார். நான் சொல்லச் சொல்ல, எங்கள் தலைக்கு மேல் 302-ல் வாடகைக்கு இருக்கும் ஹரீஷ்குமார் லேப்டாப்பில் அடித்தான். சேலத்துப் பையன் என்றால் பையன் இல்லை, முப்பத்திரண்டு வயது. ஐடி வேலை, தனிக்கட்டை. இந்தக் கட்டடத்தில் மனுஷனாக உடுத்துவது அவன் ஒருவன்தான். மற்றதுகள் அரை டவுசரோடு லிஃப்டில் ஏறும்போது, இவன் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான்.

அறை வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், ஊசிக்காரர்கள் கூடும் அந்தக் கழிப்பறையையும் மூட வேண்டும் என்று சேர்க்கச் சொன்னேன். அவன் கை நின்றது.

"டாய்லெட்டையும் மூடணுமா மேடம்? ரூமுக்கு மட்டும் ஆட்சேபணை சொன்னா போதாதா?"

"வேரை விட்டுட்டு இலையைக் கிள்ளச் சொல்றியா?" என்றேன். சிரித்துக்கொண்டே அடித்தான். முதல் கையெழுத்தும் அவன்தான் போட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கருணை அதிகம், காற்புள்ளி வைக்கத்தான் தெரியவில்லை. ஏழு இடத்தில் திருத்தினேன்.

14 மார்ச், வெள்ளி

தெரு முழுக்கச் சேர்த்து நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து. அதில் பாதிப் பேர் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. இவர்கள்தான் ஓட்டும் போடுகிறார்கள்.

20 மார்ச், வியாழன்

கழிப்பறைக்குப் பூட்டு. குத்தகைக்காரருக்கே அது தலைவலி, எங்கள் கடிதம் நல்ல சாக்காகப் போயிற்று. சந்திரம்மா நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"அம்மா, அவங்கல்லாம் இனி எங்க போவாங்க?"

உன் வேலை போயிற்றே, அதைக் கேளடி என்றுதான் வாயில் வந்தது. "எங்கேயோ போய்த் தொலையட்டும்" என்றேன்.

30 மார்ச், ஞாயிறு

யுகாதி. ஒப்பட்டு (நம் போளிதான்) செய்து ஹரீஷுக்கும் கொடுத்தனுப்பினேன். கதவைக் கால்வாசி திறந்து வாங்கிக்கொண்டானாம். "பாவம், இளைச்சுப் போயிருக்கான்" என்றார் இவர். ஆரம்பித்துவிட்டார்.

3 ஏப்ரல், வியாழன்

எழுத வேண்டும்.

காலை பதினோரு மணி. சமையலறைக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மேலே குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான். டேங்கர் தண்ணீர்! மூன்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன், மூன்று! படியேறிப் போய் 302-ஐத் தட்டினேன். காலிங் பெல் அடித்தேன். என்னென்ன திட்டினேன் என்று மூன்று மாடிக்கும் தெரியும். தண்ணீர் சத்தம் கேட்கிறது, பதில் இல்லை. வீட்டு ஓனர் சங்கத்தில் கொடுத்துவைத்த மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன்.

ஹால் முழுக்கத் தண்ணீர். பாத்ரூம் உள்தாழ்ப்பாள். வாட்ச்மேன் தோளால் மோதித் திறந்தான்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். முழுக்கைச் சட்டையின் இடது கை மேலே சுருட்டியிருந்தது. பக்கத்தில் ஊசி.

நான் என்ன பண்ணினேன்? முதல்ல குழாயை மூடினேன். ஆமாம், குழாயைத்தான். அப்புறம்தான் அவனைத் தொட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, இங்கதான் எழுதறேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. மூச்சு இருந்தது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். "நல்லவேளை, போய்ப் பார்த்தீங்க" என்றார் என்னிடம். நான் எங்கே பார்த்தேன். நான் தண்ணிக்காகத் தட்டினேன்.

5 ஏப்ரல், சனி

ஆஸ்பத்திரி. கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். என் வாயில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரையில் ஆரம்பித்ததாம். எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். அதுவும் எல்லாரும் சொல்வதுதான்.

"இத்தனை யோக்கியன் எதுக்குடா என்கூட உக்காந்து அந்தக் கடிதத்தை அடிச்சே?"

"மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்கல்ல மேடம்."

"அப்ப இத்தனை நாளா எங்க போட்டுண்டே?"

"சந்திரம்மா டாய்லெட்ல."

டைல்ஸ் போட்டு, கீசர் வைத்து, ஓனர் பார்த்துப் பார்த்துக் கட்டிய பாத்ரூம் வீட்டில் இருக்கிறது. இவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போயிருக்கிறான். ஏண்டா, மூளைகூடவா போச்சு என்று கேட்டேன்.

"அங்க அவங்க தட்டுவாங்க மேடம். வீட்ல தட்ட யாரு இருக்கா?"

6 ஏப்ரல், ஞாயிறு

அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். காற்புள்ளியெல்லாம் சரியாக இருக்கிறது.

12 ஏப்ரல், சனி

சந்திரம்மா ஈஜிபுராவில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்குகிறாள் என்று வாட்ச்மேன் விசாரித்துச் சொன்னான். போனேன். எதற்குப் போகிறேன் என்று ஆட்டோவில் உட்கார்ந்தபோதும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவா? அந்த வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

துடைப்பத்தோடு வந்தாள். அதே நாற்காலியை எனக்குப் போட்டாள். ஹரீஷைப் பற்றிச் சொன்னதும், "உயிர் இருக்கா?" என்றாள் முதலில். இருக்கிறது என்றேன். "அந்த அண்ணன் போகும்போது தேங்க்ஸ் சொல்லிட்டுத்தாம்மா போகும். மத்தவங்க சொல்ல மாட்டாங்க." நாலு வருஷத்தில் இரண்டு பேரை இழுத்து வெளியே போட்டு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாளாம். யாரும் சாகவில்லையாம். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை, கக்கூஸ் அடைப்பெடுத்த கதை போலச் சொன்னாள். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் முப்பத்துநாலு வருஷம் என்ன கிழித்தேன் என்று யோசித்தேன்.

கிளம்பும்போது கேட்டேன்: "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டுவே? அஞ்சு நிமிஷமா?"

"அஞ்சு ஜாஸ்தி அம்மா, ஆகாது. மூணு. சும்னே தட்டினா போதாது, வாயால பதில் வரணும். தண்ணி சத்தம் கேக்குதேன்னு விட்டுடக் கூடாது. தண்ணி சத்தம் பதில் இல்ல, கொத்தா?"

தெரியும் என்றேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

ஹரீஷ் அரசு ஆஸ்பத்திரியில் போதை சிகிச்சைக்குச் சேர்ந்துவிட்டான். தினம் காலையில் போய், அவர்கள் முன்னாலேயே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொண்டுவிட்டு ஆபீஸ் போக வேண்டும். ஒருநாள் தவறினாலும் காதைத் திருகிச் சேலத்துக்கு ரயில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் அவனே போனில் சொன்னான். பக்கத்தில் நின்றேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

பதினொரு நாள் ஒழுங்காக இருந்தான். இன்று காலை பத்தே முக்காலுக்கு வாசலில் வந்து நின்றான். வேர்த்துக் கொட்டியிருந்தது. நேற்றும் இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பையில் என்ன வைத்திருக்கிறான் என்பது கேட்காமலே தெரிந்தது.

அதைத் தூக்கிக் குப்பையில் போடு என்றேன். நாயே என்றேன். நன்றி கெட்டவனே, வெட்கம் கெட்டவனே என்றேன். போலீசைக் கூப்பிடுகிறேன், உன் அம்மாவைக் கூப்பிடுகிறேன் என்றேன். எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டான்.

"கூப்பிடுங்க மேடம். நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரி போறேன், நிஜமா. இன்னிக்கு முடியல. அரை மணி நேரம் கதவுக்கு வெளில இருக்கீங்களா?"

இதைவிட மானங்கெட்ட ஒரு விண்ணப்பம் என்னிடம் வந்ததில்லை. சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். உள்தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது என் நிபந்தனை. பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஹரீஷ்!"

"இருக்கேன் மேடம்."

மூன்று நிமிடம் இத்தனை நீளம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஐந்தாவது தரம் பதில் வரத் தாமதமானது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "இருக்கேன், இருக்கேன்" என்றான். பாவி. அறைய வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது.

அப்போது சுந்தரேசன் மேலே வந்தார். பதினோரு மணிக்குக் கீழே சங்கக் கூட்டம். நானே போன மாதம் நாள் குறித்து நோட்டீஸ் ஒட்டிக் கூட்டிய கூட்டம். டெரிக் மறுபடி பேச வருகிறார். ஆட்சேபணையை நிரந்தரமாகப் பதிவு செய்து அவரை ஒரேயடியாக அனுப்பிவிடுவது என்று தீர்மானம், மார்ச்சில் நான் எழுதியது, என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

இவர் நாற்காலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பாவம் என்று சொல்லவில்லை. "எல்லாரும் வந்தாச்சு. செயலாளர் எங்கேன்னு கேக்கறா. டெரிக் அந்தச் செருப்போட ஓரமா நின்னுண்டிருக்கார்" என்றார்.

"அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கோ. போக விடாதீங்கோ" என்றேன். "நான் இன்னும் நாலு தரம் தட்டணும்."