கண்ணாடியைக் கொத்திய நாரை

ஜன. 8, வியாழன். காலையில் பனி.

இந்த நோட்டின் மீது ஆணை. இனி எழுதப்போவதை உலகில் ஒருவரும் நம்பப்போவதில்லை.

என் சிவப்பு ரேஸ் பைக். சின்னது, செகண்ட் ஹேண்ட். குனிந்து உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். இன்று திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்தும்போது இன்ஜின் செத்தது. பாதி முந்திய நிலை. எதிரே லாரி. கொளவாய் ஏரியை ஏற்றினாலும் மீதி இடம் இருக்கும், அத்தனை பெரிய லாரி. அதன் காற்றில் பைக்கோடு பறந்தேன். மேலிருந்து கலங்கரை விளக்கம் தெரிந்தது. விளக்குக்காரர் கையசைத்தார். இறங்கியது புளியமரத்தடியில். வலது கண்ணாடியைக் காணோம்.

கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

வீட்டில் அக்கா: "கண்ணாடி எங்கடா?"

"வேடந்தாங்கல் போற நாரை கொத்திகினு போச்சு."

திங்கள் முதல் இந்த பைக்கில் போகப்போவது நானல்ல. அக்கா மகள் தேன்மொழி. புதுப்பட்டினத்தில் மருந்துக்கடை வேலை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. சாவி தருகிறேன் என்று மார்தட்டியவன் நான். சோறு இறங்கவில்லை. மூன்று தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜன. 9, வெள்ளி. வெயில்.

மெக்கானிக் பஷீர் கடை. பிளக் புதுசு. கார்ப்பரேட்டர் கழுவல். டேங்க் மூடியைத் திறந்துவைத்து வெகுநேரம் ஓடவிட்டார். நிற்கவே இல்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணாத்த. உன்ன பாத்தாதான் பயப்புடுது."

"நான்தான் பாய் அத பாத்து பயந்துகினு கீறேன்."

மாலை, வாராவாரம் போல் அக்கா வண்டியைத் துடைத்து டேங்க் மூடியில் சந்தனம், குங்குமம். இன்று இரண்டு மடங்கு. "கண்ணு பட்டுக்கீது. அதான் பாதி வழில நின்னுகீது. பொண்ணு போவப்போற வண்டி."

மதியம் கண் அசந்தபோது அதே லாரி வந்தது. இதை ஏன் இப்போது எழுதுகிறேன், தெரியவில்லை.

ஜன. 10, சனி. மேகம், கடற்காற்று.

சோதனை ஓட்டம். உயில் எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றும் இல்லாததால் கிளம்பிவிட்டேன். பஸ்ஸை முந்தவில்லை. சைக்கிளையும் முந்தவில்லை. ஒரு மாடு என்னை முந்தியது.

புதுப்பட்டினம் மீன் மார்க்கெட் வாசலில் வண்டி செத்தது. மீன்கார அம்மா: "யோவ், வயிய மறைச்சிகினு நிக்காத. பெட்ரோல் கீதா பாரு மொதல்ல."

மூடியைத் திறந்தேன். உஸ்ஸ். ராஜநாகம் என்று வங்காள விரிகுடா வரை பின்னால் தாவினேன். நாகமில்லை, காற்று. உடனே ஸ்டார்ட் ஆனது. திரும்பும் வழியில் மறுபடி நின்றது. திறந்தேன். உஸ்ஸ். கிளம்பியது.

மூடியை உற்றுப் பார்த்தேன். டேங்குக்குள் காற்று போக ஊசிமுனைத் துளை ஒன்று உண்டு. அதில் சந்தனம். எத்தனையோ வெள்ளிக்கிழமைச் சந்தனம், காய்ந்து கல்லாகி. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது.

 நேற்றுத்தான் அக்கா தன் மகளுக்காக இரட்டிப்பாக அப்பினாள்.

ஜன. 11, ஞாயிறு.

ஊக்கால் குத்தித் துளை திறந்தாயிற்று. கடல்வரை போய் வந்தேன், நிற்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மறுபடி வரும். அக்காவிடம் உண்மையைச் சொன்னால் இனி எந்தச் சாமியிடமும் மகளை ஒப்படைக்க அவளுக்குக் கை வராது.

"யக்கா, பொட்டு எங்க வெப்ப?"

"நெத்தியில. இன்னாடா கேள்வி?"

"வண்டிக்கு நெத்தி முன்னாடி லைட்டு. நீ தொப்புள்ள வெச்சிகினு கீற. கோச்சிக்காம இன்னா பண்ணும்?"

அக்கா முந்தானையால் மூடியைத் துடைத்தாள். "இத்தன நாளு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

ஜன. 12, திங்கள். நல்ல காற்று.

தேன்மொழி கிளம்பினாள். புதுக் கண்ணாடி. லைட்டின் மேல் பொட்டு.

"பஸ்ஸ முந்தாத."

"இன்னா மாமா இவ்ளோ பயம்? நாரைக்கா?"

போன் கையில். காபி. மறுபடி காபி. கடிகாரம் நின்றுவிட்டது என்று தட்டிப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாசல், கூடம், வாசல்.

போன். "மாமா, வந்துட்டேன். எங்கயும் நிக்கல."

உட்கார்ந்துவிட்டேன்.

பறந்தது பொய். விளக்குக்காரர் பொய். நாரை பொய். என் விரல்களுக்கு அடுத்து இருந்த கண்ணாடியை அந்த லாரி எடுத்துப் போனது. அது மட்டும் நிஜம்.