மதுரை ராணியும் துறைமுகத்து மதினியும்

மீன்குழம்பு ஊற்றும்போது மட்டும் என்னைத் திட்டாத என் மதினிக்கு,

ஊர்ச்சேதி உங்களுக்கு வந்திருக்காது. கொண்டுவரும் ஆள் நான் இன்னும் தூத்துக்குடியில்தானே இருக்கிறேன்.

போன வாரம் கோயில் கொடை விழாவில் பட்டிமன்றம். பேரனுக்காக மதுரையை ஆண்ட விதவை ராணிக்குப் பேர் கெட்டது நியாயமா, அநியாயமா? நான் 'நியாயமே' அணி. வம்பு பேச என்னை விட்டால் யார்?

ராணிக்கும் மந்திரிக்கும் தொடுப்பு என்றேன். கைதட்டல். சாலை போட்டது, சத்திரம் கட்டியதெல்லாம் இடக்கையால் வெற்றிலை போட்ட பாவத்துக்குப் பரிகாரம் என்றேன். சிரிப்பு. அப்போதுதான் கடைசி வரிசையில் நம்ம ஆபீஸ் செல்லையா அண்ணாச்சியைப் பார்த்தேன். குறிப்புச் சீட்டை மடித்துப் பையில் போட்டேன்.

அண்ணன் இறந்ததும் அவருடைய சரக்கு கிளியரிங் ஆபீஸை நீங்கள் எடுத்து நடத்தினீர்கள். சுங்கத்தில் காகிதம் கொடுக்க அனுமதிக்கிற கார்டு அங்கே அண்ணாச்சியிடம் மட்டும்தான். அவர் இல்லாமல் ஒரு கண்டெய்னர் நகராது. அதனால்தான் தினமும் அவர் ஸ்கூட்டரில் துறைமுகம் போனீர்கள். டீக்கடையில், "ஏலே, ராணியும் மந்திரியும் போறாங்க பாரு" என்றேன். ஒரே ஒரு சிரிப்புக்காக. ஊர் பிடித்துக்கொண்டது. பரீட்சை எழுதி நீங்களே கார்டு வாங்கிய பிறகும் விடவில்லை.

உங்கள் சாவுக்குக்கூட அண்ணாச்சி வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கும்பிட்டுப் போனார்.

பட்டம் வைத்தவன் நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமா மதினி? தெரிந்துதான் எனக்கு மீனில் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டீர்களா?

மைக்கில் சொல்லிவிட்டேன். "அரசு நடத்துகிறவள் மந்திரியிடம் பேசாமல் எப்படி? தொடுப்பை யாராவது கண்டார்களா? அவள் சாலை போட்டால் அதற்கும் ஒரு பாவம் தேடுகிறோமே! எங்கள் மதினிக்கும் அதையேதான் செய்தேன். நானும் ஒன்றும் கண்டதில்லை."

நடுவர் திகைத்தார். "ஏலே, நீ எந்த அணி?"

"இனிமே எங்க மதினி அணி."

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. முடிந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"இத்தன வருசங்கழிச்சு சொல்லுதியாக்கும், வெக்கங்கெட்ட பயலே."

"ஆமா அண்ணாச்சி."

"மைக்குல எவனும் சொல்லுவான். அந்த டீக்கடையில சொல்லுவியா?"

நாளைக் காலையில் சொல்லப் போகிறேன். மைக் இல்லை, கைதட்டலும் கிடைக்காது. சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்து உங்கள் வாசல்படி தாண்டிக் கூட்டிவந்து, உங்கள் படத்தின் முன் உட்காரவைப்பேன். இது வாக்கு.

நடுத்துண்டு தின்றே உடம்பு வளர்த்த,
உங்கள் கொழுந்தன்