இமயம் வேண்டாம் என்றேன், செல்லையா

என் அன்புச் செல்லையா,

நீ போய் வருஷம் நெருங்குகிறது. உன் சமாதியில் கல் வைக்கப்போகிறார்கள். அதில் என்ன எழுதுவது என்று உன் வீட்டாரோடு எனக்குப் பெரிய சண்டை.

நீ போன மறுநாளே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பதாகை கட்டினார்கள். "இமயம் சரிந்தது, மகாவலியும் கண்ணீர் வடித்தது" என்று. மகாவலி எங்கே அழுதது? நாவலப்பிட்டிப் பக்கம் மழை, ஆறு பெருகியது. தானாக நடப்பதன்மேல் நம் துக்கத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இமயமா? நீ என் தோளுக்குத்தான் இருப்பாய். உயர்வு நவிற்சிக்கும் ஓர் அளவு வேண்டாமா?

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆணியும் பூட்டும் விற்ற கடையில் உட்கார்ந்தே அணியிலக்கணம் படித்தேன். கந்தோரில் வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் நுழைந்து நீ சண்டைக்கு இழுப்பாய். தோற்கும்போது மட்டும், "உன்ன மாதிரி விட்டுக்குடுக்குற ஆளு கண்டியிலேயே இல்ல மச்சான்" என்பாய். வஞ்சப்புகழ்ச்சி! இப்போது என்னை அப்படித் திட்ட யார் இருக்கிறார்கள்?

கல்லிலும் அந்த இமயத்தையே வெட்டப்போவதாக உன் மகன் ரவி வந்து சொன்னான். கூடாது என்றேன்.

"எல்லாருந்தான் போடுறாங்க மாமா. ஒரு இமயம் போட்டா என்ன கொறஞ்சிடும்?"

"ஒங்கப்பன் கொறஞ்சிடுவான்டா. கல்லப் பாத்தா அவன் மொகம் வரணும். மலை வந்து நிக்கக் கூடாது."

பிறகு உன் மனைவி பார்வதியே வந்தாள். "இருந்தப்ப ஒருத்தரும் அவர ஒசத்திப் பேசல அண்ணே. நீங்களும் பேசல. கல்லுலயாவது பெருசா இருக்கட்டுமே."

நான் பேசாதது உண்மைதான். ஆனாலும் விடவில்லை. பில் தாளைத் திருப்பி ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "பஸ்ஸில் கிடைத்த இடத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, நின்றே வந்தவர்."

கண்டியிலிருந்து திரும்பும்போது நான் முட்டி மோதிப் பிடித்து வைத்த இடத்தைக்கூட, அக்குறணைக்குப் பிள்ளையோடு போகும் யாரோ ஓர் உம்மாவுக்குக் கொடுத்துவிடுவாயே. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. அதைவிட உன்னைப் பற்றி நான் என்ன சொல்ல?

பார்வதி இரண்டு முறை வாசித்தாள்.

"வாசிக்கிறவங்க இத உருவகம்னு நெனப்பாங்க அண்ணே. ஒங்க ரெண்டு பேரு சண்டையக் கேட்டே எனக்கும் இதெல்லாம் தெரியும்."

"நெனச்சுட்டுப் போகட்டும். நடந்தது நமக்குத் தெரியுந்தானே?"

"தெரியாம? அவரு நின்னு நின்னு வந்த காலுக்கு வீட்டுல தைலம் தேய்ச்சது யாரு, நான்தானே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கல் வெட்டும் அன்றைக்கு நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன், செல்லையா. உன் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழியைக்கூட அண்டவிடமாட்டேன். இது சத்தியம்.

நீ கூப்பிட்டதால் மட்டுமே உனக்கு மச்சானான,
மாரிமுத்து