வாசலில் நிறுத்திய யானை

ஞாயிறு, இரவு.

தங்கை மகள் திவ்யாவுக்கு ஏழாம் மாதம். தாய்மாமன் என்ற சக்கரவர்த்தி, கட்டுச்சோற்றுடன் கோவை கணபதியில் இருக்கும் அவள் வீட்டுக்கு எழுந்தருளினேன்.

"ஏழு வகைச் சோறு கண்ணு. பஸ்ல எடம் பத்தல. மேட்டுப்பாளையத்து யானை மேல ஏத்தியாந்தேன், வாசல்ல நிக்குது" என்றேன்.

வழக்கமாக நான் இப்படி அளந்தால், "யானைக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா மாமா?" என்று சிரிப்பாள். இன்று ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். "அது எம் புள்ளைய எடுக்க வந்திருக்குதுங்க மாமா. உள்ள உட்றாதீங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பு காதில் குரல்கள் கேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். மாத்திரைதான் அவளை மீட்டது. மாத்திரை சாப்பிடுகிறாளா என்று தங்கையைத் தனியே கேட்டேன்.

"நாந்தானுங்ண்ணா நிறுத்தச் சொன்னேன். வயித்துப் புள்ளைக்கு ஆகாதில்லீங்க?"

அப்போது அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்குப் போன் போட்டேன். "நீங்களா நிறுத்தினதுதாங்க ஆபத்து. கர்ப்பத்துக்குத் தகுந்த மருந்து இருக்குது. அவங்களத் தனியா விடாம உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவள் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள். யானையே இல்லை, மாமன் சும்மா சொன்னேன் என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. வயிற்றைக் கட்டிக்கொண்டு அலறினாள். கடைசியில் மாப்பிள்ளை போர்வையால் அவள் கண்ணை மறைத்து, அணைத்தபடியே காரில் ஏற்றினார்.

வார்டில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறதாம். அவள் இன்னும் எங்கள் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

"ஏனுங்க மாமா, பழையபடி ஆயிருவாளுங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஊரையே வாயால் அளக்கிற எனக்கு, ஆயிருவாள் என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.