சாவிக்கு முன் கூலி

அக்டோபர் 9, திங்கள்

வக்கீல் மிஸ் தாக்கரின் கணக்குத் தாள் வந்தது. 20ஆம் தேதி வீடு எங்கள் கைக்கு வருகிறது. அதற்கு முந்தின நாளே வீட்டுப் பணத்தின் மிச்சமும் அவருடைய கூலியும் அவர் கணக்கில் இருக்க வேண்டுமாம். கூலி 1,480 பவுண்டு! பத்திரங்களைத் தேடிப் பார்க்க என்று ஆரம்பத்திலேயே 350 வாங்கியாயிற்று.

இந்த ஹாலிஃபாக்ஸ் ஊரில் இருபத்தாறு வருடமாகச் சுவர் பூசுகிறேன். வேலை முடியாமல் யாரிடமும் ஒரு பென்னி வாங்கியதில்லை. சாவி வரட்டும், கூலி தானாகப் போகும்.

அக்டோபர் 16

"அந்தம்மா கேட்டத அனுப்பிட்டியா?" என்றாள் என் மனைவி லொரெய்ன். வீட்டுப் பணத்தை அனுப்பிவிட்டேன் என்றேன். பொய்யில்லையே.

அக்டோபர் 19, வியாழன்

மிஸ் தாக்கர் போனில் பிடித்தார். "கூலி வராம நான் எதையும் முடிக்க மாட்டேன் சார். நீங்க கையெழுத்துப் போட்ட முதல் கடிதத்துலயே இருக்கு."

"வேலையே இன்னும் முடியலையேம்மா."

"நாளைக்கு ஒரு மணிக்குள்ள பணம் கைமாறணும். இல்லேன்னா விக்கிறவரும் நடுத்தெருவுல நிப்பாரு. அவரு புது வீடு வாங்கறதே உங்க பணத்துலதான்."

மிரட்டுகிறார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். காலையில் அனுப்பினால் போதும்.

அக்டோபர் 20, வெள்ளி, பகல் 12.40, வேனில்

ஒன்பது மணிக்கே கூலியை அனுப்பினேன். மோசடியா என்று சோதிக்கிறோம் என்று வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. நாற்பது நிமிடமாக போனில் பாட்டு ஓடுகிறது. வாடகை வீட்டுச் சாவியைப் பத்து மணிக்கே கொடுத்தாயிற்று. கட்டில், அலமாரி, எல்லாம் என் முதுகுக்குப் பின்னால். லொரெய்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் வேனை விட்டு இறங்கிப் போய் நடைபாதையில் நிற்கிறாள். திட்டினால்கூடத் தேவலை. என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்?

மாலை

இரண்டேகாலுக்குத்தான் பணம் போய்ச் சேர்ந்தது. பிரயோஜனமில்லை. இனித் திங்கள்தான். லொரெய்னின் தங்கை வீட்டில் தரையில் படுக்கை. "உன் கொள்கைய விரிச்சுப் படு, மெத்துனு இருக்கும்" என்றாள் லொரெய்ன்.

அக்டோபர் 23, திங்கள்

சாவி கிடைத்தது. விற்ற கிழவர் மிஸ்டர் கார்சைடே வாசலில் நின்று கொடுத்தார். எண்பத்தொரு வயது. அவருடைய சாமானெல்லாம் வெள்ளிக்கிழமையே லாரியில் ஏறிவிட்டதாம். மூன்று இரவும் இந்தக் காலி வீட்டில் வெறும் தரைவிரிப்பில், கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

"பேங்க்காரன் படுத்துன பாடுன்னு சொன்னாங்க. உங்களுக்கும் கஷ்டந்தானே தம்பி" என்றார்.

ஆமாம் என்றேன். லொரெய்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

ஆறு நாளாக அந்த 'ஆமாம்' உறுத்துகிறது. மிஸ்டர் கார்சைடின் புது வீட்டுக்குப் போனேன். சந்தோஷமாக உட்காரச் சொன்னார், தேநீருக்குக் கெட்டிலில் தண்ணீர் வைத்தார். தாமதம் வங்கியால் இல்லை, வக்கீல் கூலியை நான் பிடித்து வைத்ததால்தான் என்று சொன்னேன்.

"கையில காசு இல்லையா?"

"இருந்தது."

அவர் எழுந்துபோய், தண்ணீர் கொதிக்கும் முன்பே கெட்டிலை அணைத்தார்.