ஐஸ்பெட்டியில் பாதி, அறையில் பாதி

வைகாசி 9, வியாழன்

அனல். காற்றே இல்லை. பாகற்காய் முழுவதும் இன்றே பறித்தாயிற்று. நாளைக்கு ஆள் வராது, திருப்போரூரில் ஏதோ கல்யாணம். மாமல்லபுரம் ஓட்டல்காரர் ஞாயிறு காலையில்தான் எடுப்பார். அதுவரை பச்சை மாறாமல் நிற்க வேண்டும். நின்றால் வாராவாரம் நம் காய்தான் என்றிருக்கிறார். இல்லாவிட்டால் நிலம் பிளாட்காரனுக்கு. மகன் செல்வம் சோற்றில் கை வைத்தபடி சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளி

மருமகள் கலாவின் தம்பி பாபு, சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் ஐஸ்பெட்டியோடு வந்தான். கழுவினானாம். வாடை அப்படியே. "மீனே தாங்குது அத்தை, காய் தாங்காதா?"

இவன் சொல்லி நான் கேட்பதா. செல்வம் கல்யாணத்தில் என் அண்ணனை முதல் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவன். இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. அன்று அவன் போட்டிருந்தது கோடு போட்ட நீலச் சட்டை.

பாதிதான் கொடுத்தேன். மீதியை உள்ளறையில் பரப்பி ஈரச் சாக்கால் மூடினேன். நல்ல இருட்டு. பக்கத்திலேயே வைக்கோலில் மாங்காய் பழுக்கிறது, மகளுக்கு அனுப்ப. யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்றேன்.

சனி

முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது. மண்ணெண்ணெய் வாங்கணும். பாபு வந்து இன்னும் ஐஸ் போட்டுப் போனான். கலா என்னோடு பேசவில்லை. நானும்.

ஞாயிறு

விடியலில் கதவைத் திறந்தேன். மாம்பழ வாசனை முகத்தில் அடித்தது. சாக்குக்கடியில் அத்தனையும் மஞ்சள். சிலது வெடித்து, உள்ளே சிவப்பு விதை.

செல்வம் பெட்டியை மட்டும் ஏற்றிப் போனான். வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டான், பெட்டியோடு. கொட்டிப் பார்த்தால் குழிகுழியாக, கறுத்து, தொட்டால் நீர். ஐஸில் வைக்கிற காயே இல்லையாம் இது, ஓட்டல்காரர் சொன்னாராம்.

பாபுவைத் திட்டத் தொடங்கினேன். செல்வம் தடுத்தான். "அவன் ஐஸ்ல போட்டுக் கெடுத்தான். நீ மாம்பழத்தாண்ட வச்சிக் கெடுத்த. உங்க ரெண்டு பேருக்கும் ஜெயிக்கணும். எனுக்குக் காய் ஓட்டலுக்குப் போனா போதும்னு இருந்துது."

பாபு குனிந்தபடி பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அதற்காக மன்னிக்க முடியாது.

கொட்டின காயை மாடும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

செவ்வாய்

பிளாட்காரன் வந்தான். அம்மா அம்மா என்கிறான், நாசமாய்ப் போகிறவன். செல்வம் கையெழுத்துப் போட்டான். கலா எல்லாருக்கும் காபி. எனக்கு ஆறிப்போனது.

வைகாசி 20, திங்கள்

மேகம். தூறல்கூட இல்லை. பாகல் பந்தலுக்குள்ளேயே பிளாட் கல் நடுகிறார்கள். மேலே கொடியில் காய் இறங்கியிருக்கிறது, போன தடவையைவிட அதிகம். பறிக்க யாரும் போகவில்லை. மத்தியானம் நான் போனேன். கூடை எடுத்துப் போகவில்லை.