மூலையில் நிற்கும் உனக்காக ஒரு பெரிய டிவி

அன்பு மகள் வாயாடிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நல்லபடியாக இருக்க வேண்டும். வீடியோவில்தான் தினமும் பார்த்துக்கொள்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். காது கேட்கிறவர்கள் வீட்டில் ரகசியம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுக்கலாம், நம் வீட்டில் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நான் உன்னிடம் ரெண்டு வார்த்தை சைகை செய்தால் போதும், அப்பா அடுத்த அறையில் இருந்தபடியே பீரோக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார். அதனால்தான் அவர் வெளியே போன நேரம் பார்த்து, தைக்க வந்த துணிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான், வீட்டுக்குப் பெரிய டிவி வந்துவிட்டது. நீ செய்தியில் வர ஆரம்பித்த நாளிலிருந்து பழைய டிவியோடு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. செய்தி வாசிக்கிறவருக்கு முழு டிவியும், அதைக் கையால் சொல்கிற உனக்கு மூலையில் தீப்பெட்டி அளவு இடமும் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் நீ நின்றால் உன் கை எறும்பு போவது மாதிரி இருக்கும். அப்பா மூக்கை டிவியில் ஒட்டிக்கொண்டு பார்ப்பார், அவர் தலை எனக்கு மறைக்கும், நான் முதுகில் குத்துவேன், அதற்குள் நீ அடுத்த செய்திக்குப் போயிருப்பாய். ஒரு நாள் நீ என்னவோ தண்ணீர் என்று சொன்னாய். குழாயில் தண்ணீர் வராதாம் என்று அப்பா குடம், வாளி, பால் டம்ளர் வரைக்கும் பிடித்து வைத்தார், வெள்ளம் வருகிறதாம் என்று நான் துணி மூட்டைகளை எல்லாம் கட்டில் மேல் ஏற்றினேன். கீழ்வீட்டு டீச்சரம்மாவிடம் எழுதிக் கேட்டால், எங்கேயோ ஒரு நீச்சல் குளம் திறந்திருக்கிறார்களாம்.

அப்போதே பெரிய டிவி வாங்கலாம் என்றேன், அப்பா அசைந்து கொடுக்கவில்லை. ஹாலில் இருக்கிற ஷோகேஸ் அவர் செய்தது, நடுவில் பழைய டிவிக்கென்று அளவெடுத்து இடம் விட்டது, பெரிசு வந்தால் அதை அறுக்க வேண்டும். “ஒரு பெட்டிக்காக இன்னொரு பெட்டிய அறுப்பாங்களா? ஊர்ல யாராவது ஷோகேஸ் செய்யச் சொன்னா, கூட்டிட்டு வந்து இதத்தான் காட்டுறேன்” என்று ஒரே பிடிவாதம். அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். போன தடவை நீ லீவில் வந்தபோது, சாப்பிடும் இடத்தில் சைகை செய்த அவர் கையைப் பிடித்து, “அப்பா, அது தப்பு, இப்படிச் செய்யணும்” என்று திருத்தினாயே, ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம். நீ படித்ததை நீ சொன்னாய், உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் காது கேட்கிற பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போர்டைப் பார்த்துப் பார்த்து எழுதப் படிக்கக் கற்றவர், சைகையை அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அவராக உண்டாக்கியதுதான், அதில்தான் நீ முதன்முதலாகப் பால் கேட்டாய். நீ திருத்திய அன்றிலிருந்து உன்னிடம் சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான், வேலை இருக்கு என்று எழுந்து போய்விடுகிறார். அப்பா ஏன் நிற்பதே இல்லை என்று நீ கேட்டபோதெல்லாம் நான் எதையாவது சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் உன் மாமாதான் வழிக்குக் கொண்டுவந்தான், சும்மா கடையில் பார்த்துவிட்டு வரலாம் என்று. எங்களுக்கு மொழிபெயர்க்க மருந்துக்கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் மொழிபெயர்ப்பு உனக்குத் தெரியாதா? விற்கிற தம்பி டிவிக்கு அடியில் காட்டுகிறான், கையை விரிக்கிறான், நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறான், வியர்த்தே போய்விட்டான், எல்லாம் முடிந்ததும் மாமா எங்கள் பக்கம் திரும்பி, “சத்தம். நிறைய” என்றான். அப்பா, “எங்களுக்கா?” என்றார். மாமா அதைச் சொன்னதும் அந்தத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓடிப் போய்க் கடையில் இருந்த அத்தனை டிவியின் சத்தத்தையும் நிறுத்திவிட்டான். கரண்ட் போய்விட்டதோ என்று உள்ளேயிருந்து மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தாராம், மாமா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

எல்லா டிவியிலும் கிளி, அருவி, பனித்துளி. “கிளிய வச்சு நான் என்ன பண்றது, நியூஸ் போடச் சொல்லு” என்றார் அப்பா. போட்டார்கள். உன்னோடு வேலை செய்கிற சுருட்டை முடிப் பையனின் முறை போலிருக்கிறது, சுவர் முழுக்க அவனே நின்றான். அப்பா ஒவ்வொரு டிவியாக மூலையில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போகிறார், அந்தத் தம்பி பின்னாலேயே ஒரு துணியோடு ஓடுகிறான், அப்பாவின் மூக்கு பட்ட இடத்தைத் துடைக்க. “இதுல கை வேகமாப் போனா விரலுக்கு வால் முளைக்குது. இதுல கறுப்புச் சட்டையும் நிழலும் ஒண்ணாப் போச்சு” என்று தள்ளிக்கொண்டே வந்தார். நான் இருப்பதிலேயே பெரியதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதில்தான் வால் அதிகம் என்று சொல்லி அதையும் கழித்துவிட்டார். கடைசியில் ஐம்பத்தைந்து இஞ்ச்சில் ஒன்று, விரல் விரலாகத் தெரிந்தது. “மேட்ச் பாக்குறவங்க இதத்தான் சார் எடுப்பாங்க, ஓடுற பந்துகூட அவ்வளவு தெளிவாத் தெரியும்” என்றானாம் அந்தத் தம்பி. அப்பா உடனே, “பந்தவிட என் பொண்ணு வேகம், தாங்குமா கேளு” என்றார். சும்மா பார்க்க வந்த மனிதர்! நான் சட்டென்று திரும்பி பிரிட்ஜ் வாங்க வந்தவள் மாதிரி ஒரு பிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாங்கி வந்தும் ஷோகேஸ் மேல் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். டிவிக்குக் கட்டில், எங்களுக்குத் தரை. அன்று சாயங்காலம் செய்தியில் நீ வந்தாய். போனிலும் பழைய டிவியிலும் எத்தனையோ மாதமாகச் சின்னதாகப் பார்க்கிறோம், அன்றைக்குத்தான் உன்னைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, சட்டைக் காலரை எவளோ கோணலாகத் தைத்திருக்கிறாள். அப்பா முதலில் பார்த்தது விரலைத்தான், “அடிபட்டிருக்கு, மடக்காமலே சமாளிக்கிறா பாரு” என்றார். அதன் பிறகு வானிலை. படித்தவர்கள் மழையை எப்படிச் சொல்வார்கள், ரெண்டு கை விரலையும் மேலிருந்து கீழே உதிர்த்து. நீ ஒரு உள்ளங்கையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்து, மறு கை விரல்களால் அதன் மேல் படபடவென்று தட்டினாய். அப்பாவின் மழை. இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் மழையை அப்படிச் சொல்வார். கைப்பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்றே செய்தாயா, எனக்குத் தெரியாது. தீப்பெட்டிக்குள் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பாயோ, நாங்கள்தான் கண்டோமா? அப்பா என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார், இன்னும் சாப்பிடவே இல்லை, எதற்குக் கழுவினார் என்று நான் கேட்கவும் இல்லை. மறுநாள் காலையில் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஷோகேஸ் நடுவில் அறுபட்டுக் கிடக்கிறது, அவர் தலை, மீசை, என் தையல் மெஷின், எல்லாம் மரத்தூள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அறுக்கக் கூடாதா என்று நன்றாகச் சண்டை போட்டேன்.

ரகசியம் போயிற்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார், எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. மேலிருந்து முழுவதையும் படித்தார், கடைசி பெஞ்சைப் பற்றி ஏன் எழுதினாய் என்று கோபித்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும், அவ சொன்னது சரிதான். ஊருக்கே சொல்றா, படிச்ச மாதிரியே சொல்லட்டும், எல்லாருக்கும் புரியணும்ல. மழைய மட்டும் மாத்தாம அப்படியே விட்டுடச் சொல்லு.”

விரலுக்கு மருந்து போடு, காயம் ஆறும்வரை லீவு எடு, அந்தச் சட்டையைத் தபாலில் அனுப்பு, நான் காலரைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன். உன் கை சொல்கிற செய்தியெல்லாம் நல்ல செய்தியாக இருக்கட்டும், உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறிவிட்ட
உன் அம்மாவும், பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை பார்க்கும் உன் அப்பாவும்.